கடை ஆன்லைனில் எடுபடவில்லையா? அறிகுறியை வைத்து அடைப்பைக் கண்டுபிடிக்கும் வழி

ஈரோடு, திருப்பூர் பக்கத்துச் சின்னக் கடைகளின் கூகுள், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் கணக்குகளைப் பார்த்துச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. ஜவுளிக்கடை, மரச்செக்கு எண்ணெய், பல் மருத்துவர், தையல் வகுப்பு என்று ஆட்கள் மாறினாலும் வரும் புகார் ஒன்றுதான்: "ஆன்லைன்ல ஒண்ணும் நடக்கல." இந்த ஒரு வாக்கியத்துக்குள் பல கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மேப்பில் பெயரே வராதவரும், வாட்ஸாப்பில் பதில் போடாதவரும் ஒரே விளம்பரப் பேக்கேஜுக்கு மாதாமாதம் பணம் கட்டுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் இருக்கும், செலவு வைப்பது கடைசியில்.

அதற்கு முன் ஒன்று. தேடிப் பார்க்கும் சோதனை எதையும் கடைக்குள் உட்கார்ந்து உங்கள் போனில் செய்யாதீர்கள். நீங்கள் நிற்கும் இடமும் பழைய தேடல்களும் கூகுளுக்குத் தெரியும், அதனால் உங்கள் கடையை உங்களுக்கே முதலில் காட்டிவிடும். ஊரின் இன்னொரு மூலையில் இருக்கும் உறவினரிடம் தேடச் சொல்லி ஸ்க்ரீன்ஷாட் வாங்குங்கள்.

## அறிகுறி 1: கூகுள் மேப்பில் கடை வரவில்லை

### கடையின் பெயரைப் போட்டாலும் வரவில்லை

மேப்பிலும் தேடலிலும் கடை விவரத்தைக் காட்டும் இலவசக் கணக்குக்கு கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயர். பெரும்பாலும் அதில் சரிபார்ப்பு பாதியில் நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் சரிபார்க்கச் சொல்லும் பட்டன் அப்படியே இருக்கும். இப்போது நிறையக் கடைகளுக்கு வீடியோ சரிபார்ப்புதான் கேட்கிறார்கள். நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல், குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: தெருவும் பெயர்ப்பலகையும், உள்ளே இருக்கும் சரக்கு, நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்பதற்கு ஓர் அடையாளம். சாவி போட்டு ஷட்டரைத் திறப்பது, பில் மெஷினை இயக்குவது போதும். முகம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது, உங்கள் கடைக்கு வேறு யாரோ ஏற்கெனவே ப்ரொஃபைல் போட்டிருப்பது. வேலையை விட்டுப் போன பையன், பழைய ஏஜென்சி, சில சமயம் முன்பு அதே இடத்தில் கடை வைத்திருந்தவர். மேப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து உரிமை கோருங்கள். இப்போதைய உரிமையாளருக்கு 3 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் பெரும்பாலும் நீங்களே சரிபார்த்து எடுத்துக்கொள்ள வழி திறக்கும்.

### பெயரில் வருகிறது, பொருளின் பெயரில் தேடினால் வரவில்லை

"ஈரோடு காட்டன் சேலை" என்று தேடினால் பக்கத்துக் கடை வருகிறது, நாம் வரவில்லை. உள்ளூர்த் தேடலில் மூன்று விஷயம் பார்ப்பதாகக் கூகுளே சொல்கிறது: தேடலோடு பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. தூரத்தை ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

முதலில் முதன்மைக் கேட்டகரியைப் பாருங்கள். சேலை மட்டுமே விற்கும் கடை, "துணிக்கடை" என்று பொதுவாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். மிகக் குறுகலாகப் பொருந்துவதை முதன்மையாக வையுங்கள், மற்றவை துணைக் கேட்டகரியில் போகட்டும். அப்புறம் மேப்பில் கடையின் இடக்குறி சரியான வாசலில் இருக்கிறதா, பண்டிகை நாள் நேரம் போட்டிருக்கிறதா, பொருள்களைப் படமும் பெயருமாகச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ரிவ்யூ. பில் போடும் இடத்தில் ஒரு க்யூஆர் அட்டை வைத்து வாயால் கேளுங்கள், வந்ததற்கெல்லாம் பதில் எழுதுங்கள். தள்ளுபடி தருகிறேன், ரிவ்யூ போடுங்கள் என்பது கூகுள் விதிக்கு விரோதம். காசுக்கு ரிவ்யூ விற்பவர்களிடம் போகவே வேண்டாம். ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இலேயே ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்துவிட்டது. அதையெல்லாம் விடுங்கள், ஒரே வாரத்தில் குவிந்த ஐந்து நட்சத்திரங்களை நம் ஊர் வாடிக்கையாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

### நேற்று வரை இருந்தது, இன்று காணோம்

ப்ரொஃபைல் இடைநிறுத்தப்பட்டிருக்கும். பதற்றத்தில் புதிதாக இன்னொன்று தொடங்கிவிடாதீர்கள், அதுதான் சிக்கலைக் கெட்டிப்படுத்தும். காரணத்தைத் தேடுங்கள். நான் அதிகம் பார்ப்பது பெயர்தான்: பலகையில் வெறும் கடைப் பெயர், கூகுளில் அதோடு "பெஸ்ட் சில்க் சாரி ஷாப் ஈரோடு" என்ற வால். வாலை வெட்டுங்கள். வாடிக்கையாளர் வந்து போகாத வீட்டுத் தொழிலில் வீட்டு முகவரியை வெளியே காட்டியிருப்பது இன்னொரு காரணம். முகவரியை மறைத்துவிட்டுச் சேவை தரும் பகுதிகளை மட்டும் கொடுங்கள்.

தவறைத் திருத்திய பிறகுதான் மேல்முறையீடு. அதற்கும் முன் ஜிஎஸ்டி சான்று, கடைப் பெயரில் உள்ள மின்கட்டண ரசீது, உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ உரிமம், பெயர்ப்பலகைப் படம் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் தயாராக வையுங்கள். ஆதாரம் ஏற்றும் படிவம் திறந்த பிறகு 60 நிமிடம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஆடிட்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்க முடியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மேல்முறையீடு ஒருமுறை நிராகரிக்கப்பட்டால். "கூகுளில் எனக்கு ஆள் இருக்கிறது" என்பவரைக் கூப்பிடாதீர்கள். "கூகுளிலிருந்து பேசுகிறோம், லிஸ்டிங்குக்குப் பணம் கட்டுங்கள்" என்று வரும் அழைப்பும் மோசடிதான். பிசினஸ் ப்ரொஃபைலுக்குக் கூகுள் பணம் வாங்குவதில்லை.

## அறிகுறி 2: வெப்சைட் இருக்கிறது, தேடலில் இல்லை

கூகுளில் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் தளம் பட்டியலில் சேரவில்லை. வேர்ட்பிரஸ் தளமாக இருந்தால் அமைப்புகளில் ரீடிங் பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு கட்டம் அங்கே இருக்கும். தளம் கட்டும்போது டிக் செய்து, எடுக்க மறந்திருப்பார்கள்.

கட்டம் காலியாக இருந்தால், தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சோதியுங்கள். "வந்து பார்த்தோம், ஆனால் சேர்க்கவில்லை" என்ற பொருளில் பதில் வந்தால் பக்கத்தில் சரக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வரி வாழ்த்துரையும் ஆறு படமும் போதாது.

பழைய விசிட்டிங் கார்டையும் ஒருமுறை பாருங்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்துவந்த ஒரு பக்கத் தளங்கள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டன. அந்த முகவரியை இன்னும் பையிலும் பில்லிலும் அச்சடிக்கும் கடைகள் இருக்கின்றன.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: நீங்கள் போடாத சூதாட்டப் பக்கங்களோ புரியாத மொழிப் பக்கங்களோ தேடலில் உங்கள் தளப் பெயரில் வந்தால், அன்றைக்கே. தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள்.

## அறிகுறி 3: ஏஐயிடம் கேட்டால் நம்மைச் சொல்வதில்லை

இது புதுப் புகார், வேகமாகப் பெருகுகிறது. கூகுள் தேடலின் தலையிலேயே ஏஐ தொகுத்துச் சொல்லும் பதில் 2024 ஆகஸ்டிலும், முழுக்கக் கேள்வி பதிலாகவே தேடும் ஏஐ மோட் 2025 ஜூலையிலும் இந்தியாவுக்கு வந்தன. சாட்ஜிபிடி, ஜெமினி, பெர்ப்ளெக்ஸிட்டி மூன்றும் வாடிக்கையாளர் போனில் இருக்கின்றன. "பெங்களூருக்கு அனுப்பும் நல்ல செக்கு எண்ணெய்க் கடை சொல்லு" என்று கேட்டுவிட்டு, வரும் நாலு பெயரோடு தேடலை முடித்துக்கொள்கிறார்கள்.

### பெயரே வரவில்லை

வாடிக்கையாளர் கேட்கும் விதத்தில் மூன்று நான்கு கேள்வி தயாரியுங்கள். தமிழில், ஆங்கிலத்தில், தமிழை ஆங்கில எழுத்தில் என்று மாற்றிமாற்றிக் கேளுங்கள். பதிலில் யார் பெயர் வருகிறது என்பதைவிட, பதிலோடு காட்டும் மூல இணைப்புகள்தான் முக்கியம். அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நாளிதழ்க் கட்டுரை, ஓர் உணவு வலைப்பதிவு, இரண்டு வணிக விவரத் தளங்கள், போட்டிக் கடையின் கேள்வி பதில் பக்கம் என்று இருக்கும். உங்கள் வேலைப் பட்டியல் அதுதான். அந்த இடங்கள் எதிலும் நீங்கள் இல்லை என்றால் ஏஐ உங்களை எங்கிருந்து எடுக்கும்?

அடுத்து, எந்தக் கருவியில் வரவில்லை என்று பிரித்துப் பாருங்கள். கூகுளின் ஏஐ பதில்கள் கூகுளின் சொந்தத் தேடல் பட்டியலிலிருந்தும் மேப்பிலிருந்தும் எடுக்கின்றன. அங்கே வராதவர் முதல் இரண்டு அறிகுறிகளைச் சரிசெய்துவிட்டு இங்கே வாருங்கள். சாட்ஜிபிடியின் தேடல் பிற தேடுபொறிகளின் உதவியையும் எடுத்துக்கொள்கிறது, மைக்ரோசாஃப்டின் பிங் அதில் ஒன்று. நம் கடைக்காரர்கள் பிங் பக்கமே போனதில்லை. பிங் வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோல் கணக்கை அப்படியே இறக்குமதி செய்துகொள்ளலாம். இலவசம், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

பிறகு கதவு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தானியங்கி ரோபோ தளத்தைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில், சாட்ஜிபிடி தேடலுக்காக வரும் ஓஏஐ சர்ச்பாட் என்ற பெயர் தடுக்கப்பட்டிருந்தால் சாட்ஜிபிடி தேடலில் உங்கள் பக்கம் வருவது சிரமம். ஜிபிடிபாட் என்பது வேறு, அது மாடலுக்குப் பயிற்சி கொடுக்க வருவது. அதைத் தடுத்துவிட்டு முன்னதை மட்டும் அனுமதிக்கலாம். தளத்துக்கு முன்னால் காவல் நிற்கும் சேவையான கிளவுட்ஃப்ளேர் வழியாகத் தளம் நடத்துபவர்கள் அதன் அமைப்புகளையும் திறந்து பாருங்கள். 2025 ஜூலை முதல் புதிதாகச் சேரும் தளங்களில் ஏஐ ரோபோக்களைத் தடுப்பதே அங்கே முன்னிருப்பு, அதாவது நீங்கள் மாற்றாதவரை தானாக இருக்கும் அமைப்பு.

இதெல்லாம் சரியாக இருந்தும் வராத கடைகளில் நான் காணும் கோளாறு ஒன்றே ஒன்று. தகவல் முழுக்கப் படத்துக்குள் இருக்கிறது. விலைப் பட்டியல் ஒரு போஸ்டர், கடை நேரம் ஒரு ஸ்டோரி, கூரியர் விவரம் முதலாளியின் வாயில். போனில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு வாரம் நோட்டில் குறித்துவையுங்கள். "அஞ்சு லிட்டர் நல்லெண்ணெய் சென்னைக்கு எத்தனை நாள்ல வரும்?", "டின்னா, பாட்டிலா?", "கருப்பட்டி போட்டு ஆட்டுறீங்களா, வெல்லமா?" இவற்றையும் நீங்கள் சொல்லும் பதிலையும் அப்படியே எழுத்தாகத் தளத்தில் போடுங்கள். வர்ணனை எதுவும் வேண்டாம். "ஈரோட்டிலிருந்து சென்னைக்கு இரண்டு நாள், கூரியர் செலவு தனி" என்ற ஒரு வரி, "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்ற பத்து வரியைவிட மேல்.

ஏஐயில் வரவைக்கும் சிறப்புக் கோப்பு, சிறப்பு நிரல் என்று சொல்லி இப்போது பேக்கேஜ் விற்கிறார்கள். தன் ஏஐ பதில்களில் இடம்பெற அப்படித் தனிக் கோப்பு எதுவும் தேவையில்லை என்று கூகுள் தன் வழிகாட்டியில் எழுதியே வைத்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு நல்ல படமும் நல்ல விவரமும் போடலாம்.

### வருகிறது, ஆனால் தப்பாகச் சொல்கிறது

பழைய முகவரி, மூடிவிட்ட கிளை, போன தலைமுறை விலை. ஏஐயோடு வாதாடிப் பயனில்லை. தவறு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூல இணைப்பைத் தட்டிப் பார்த்து, அங்கே போய்த் திருத்துங்கள். ஜஸ்ட்டயல், இந்தியாமார்ட், கைவிட்ட ஃபேஸ்புக் பக்கம், சங்க உறுப்பினர் பட்டியல் என்று உங்கள் பெயர் இருக்கும் இடமெல்லாம் பெயர், முகவரி, போன் எண் மூன்றும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். திருத்தம் பதிலில் தெரியச் சில வாரம் ஆகலாம். பதிலின் கீழே உள்ள புகார் பட்டனையும் அழுத்திவையுங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உரிமம் ரத்து, மோசடி வழக்கு என்று நடக்காததை உங்கள் பெயரில் சொன்னால் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போங்கள். இது மார்க்கெட்டிங்காரர் தீர்க்கும் விஷயம் இல்லை.

## அறிகுறி 4: ரீலுக்குப் பார்வை விழுந்துவிட்டது

இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸைத் திறங்கள். பின்தொடராதவர்களுக்கு உங்கள் பதிவைப் பரிந்துரைக்கலாமா கூடாதா என்று அங்கேயே எழுதியிருக்கும். சிக்கல் என்றால் எந்தப் பதிவால் என்றும் காட்டும். அதை நீக்கலாம், அல்லது மறுபரிசீலனை கேட்கலாம்.

அங்கே பச்சை என்றால் வீடியோவில் வேறு செயலியின் முத்திரை தெரிகிறதா என்று பாருங்கள், அப்படிப்பட்டதை இன்ஸ்டாகிராம் பரிந்துரைப்பதில்லை. பாட்டையும் பாருங்கள். பிசினஸ் கணக்குக்குச் சினிமாப் பாடல்களை எடுத்துக்கொள்ள உரிமை கிடையாது. வேறு வழியில் ஒட்டினால் ஒலி முடக்கப்படலாம்.

இரண்டும் இல்லையா? அப்படியானால் ஆட்கள் பாதியில் நகர்ந்துவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எவ்வளவு பேர் விரும்புகிறார்கள், எவ்வளவு பேர் மற்றவருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் சொன்னார். புதியவர்களைச் சென்றடைய அனுப்புவது பெரிதாக உதவுகிறது. எனவே லோகோ சுழலும் தொடக்கத்தை வெட்டுங்கள். முதல் நொடியிலேயே சேலை விரியட்டும். ஸ்டுடியோ வாடகைக்குப் போகும் முன் தறியில் நெய்யும் கையைப் போனில் எடுத்துப் பாருங்கள், அதைத்தான் அக்காவும் தங்கையும் ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள்.

தலைப்புரையில் ஊரும் பொருளும் எழுத்தில் இருக்கட்டும். 2025 ஜூலை 10 முதல் பிசினஸ், கிரியேட்டர் கணக்குகளின் பொதுப் பதிவுகள் கூகுள் தேடலிலும் வர முடியும். "நியூ அரைவல்" என்று மட்டும் எழுதினால் யார் தேடி எப்படிக் கிடைப்பது?

## அறிகுறி 5: பார்வை லட்சம், வியாபாரம் பூஜ்யம்

முதலில் வேறொருவர் போனிலிருந்து உங்கள் பக்கத்துக்குப் போய், நீங்களே ஒரு பொருள் வாங்க முயலுங்கள். வாட்ஸாப் இணைப்பைத் தட்டினால் உரையாடல் திறக்கிறதா? எண்ணுக்கு முன் 91 வேண்டும், கூட்டல் குறியும் தொடக்கச் சுழியமும் கூடாது. இந்தச் சின்னப் பிழையால் மாதக்கணக்கில் விசாரணை வராமல் இருந்த கடைகள் உண்டு.

இணைப்பு சரி என்றால் இன்ஸ்டாகிராமின் மெசேஜ் ரிக்வெஸ்ட் பெட்டி. புதிய வாடிக்கையாளர் அனுப்புவது நேராக இன்பாக்ஸுக்கு வராமல் அங்கே போய்த் தங்கும். திறந்தால் "அண்ணா, ரேட் என்ன?", "சிஸ், இந்த கலர் இருக்கா?" என்று வரிசையாகக் கிடக்கும்.

பிறகு விலை. விலைக்கு டிஎம் பண்ணுங்கள் என்பதை விடுங்கள், தயவுசெய்து. கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்கள் கேட்பவர்களைவிட அதிகம். கூரியர் செலவையும் முதலிலேயே சொல்லுங்கள். மாற்றித் தருவீர்களா, மாட்டீர்களா என்பதையும். போலிப் பக்கங்களில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள், கடை முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் கண்ணில் பட்டால் அவர்கள் தயக்கம் பாதி குறையும்.

கடைசியாக, பார்ப்பவர்கள் எந்த ஊர் என்று இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பகுதியான இன்சைட்ஸில் பாருங்கள். ஈரோட்டுப் பல் மருத்துவரின் நகைச்சுவை ரீலைச் சென்னையும் சிங்கப்பூரும் பார்த்தால் நாற்காலி நிறையாது. அவர் ரீலில் ஈரோட்டைப் பேச வேண்டும்.

## அறிகுறி 6: வாட்ஸாப்பில் அனுப்புவது போய்ச் சேரவில்லை

பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். பில் போடும்போதே "நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க, ஆஃபர் அனுப்புறோம்" என்று சொல்வதுதான் மருந்து. பெரிய எண்ணிக்கை வேண்டுமென்றால் இலவச வழி வாட்ஸாப் சேனல். அதற்கும் மேல், மென்பொருள் வழியாகச் செய்தி அனுப்ப வாட்ஸாப்பே தரும் அதிகாரபூர்வ ஏபிஐ, 2025 ஜூலை முதல் அதில் டெம்ப்ளேட் (முன்பே ஒப்புதல் வாங்கிய) செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆயிரம் பேருக்கு ஒரே தட்டில் அனுப்பும் திருட்டு மென்பொருள் வேண்டவே வேண்டாம். எண் தடைபட்டால் பல வருட வாடிக்கையாளர் உரையாடல் மொத்தமும் அதோடு போய்விடும்.

## அறிகுறி 7: விளம்பரத்துக்குப் பணம் கரைகிறது

கூகுள் விளம்பரத்தில் இடம் தேர்வு செய்யும் பகுதியை விரித்துப் பாருங்கள். அந்த ஊரில் இருப்பவர்கள் மட்டுமல்லாமல் அந்த ஊர்மேல் ஆர்வம் காட்டியவர்களும் என்பதுதான் முன்னிருப்பு. உள்ளூர்க் கடைக்கு, இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். அப்புறம் எந்தத் தேடல் சொற்களுக்குப் பணம் போனது என்ற அறிக்கையைத் திறந்து, சம்பந்தமில்லாததை விலக்குச் சொற்களில் சேருங்கள். "வேலை", "சம்பளம்", "இலவசம்" போன்றவை கட்டாயம் இருக்கும்.

மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) பூஸ்ட் பட்டனை அழுத்தினால் நோக்கம் என்னவென்று கவனியுங்கள். லைக்கைக் கேட்டால் லைக் போடுகிறவர்களைத்தான் தேடித் தரும். விசாரணை வேண்டுமென்றால் மெசேஜ் நோக்கம். தினமும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு வாரத்தில் சுமார் 50 பலன் கிடைத்தால்தான், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகிக்கொள்ளும் கற்றல் கட்டம் முடியும். பட்ஜெட் போடும்போது 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளம்பரம் திரும்பத் திரும்ப நிராகரிக்கப்பட்டால் பொருளே காரணமாக இருக்கலாம். பட்டாசை ஆன்லைனில் விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை விதித்தது. சிவகாசி நண்பர்கள் அதை விளம்பரத்தில் மல்லுக்கட்டி வெல்ல முடியாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மாத விளம்பரச் செலவு அவர் கேட்கும் கூலியைப் போலப் பல மடங்கு ஆகும்போது. அதற்குக் குறைவாக என்றால் நீங்களே கற்றுக்கொள்வது லாபம்.

## அறிகுறி 8: கணக்கே கையில் இல்லை

"காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்" என்று மெட்டா பெயரில் மெசேஜ் வரும், இணைப்பைத் தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் கணக்கு போய்விடும். உங்கள் வேறு ஏதாவது போனிலோ கடைக் கம்ப்யூட்டரிலோ கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா? அங்கிருந்து உடனே கடவுச்சொல்லை மாற்றி, மற்றச் சாதனங்கள் எல்லாவற்றிலும் வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். திறந்தில்லை என்றால் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டிலும் ஹேக் ஆன கணக்குக்கென்று தனி உதவிப் பக்கம் உண்டு, அதன் வழியாகப் போங்கள்.

வாட்ஸாப் போயிருந்தால் உங்கள் எண்ணை மறுபடி பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் 6 இலக்க எண்ணைப் போட்டதும் மற்றவர் வெளியேற்றப்படுவார். அவர் இரட்டைச் சரிபார்ப்புக்கான ரகசிய எண் வைத்துவிட்டிருந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் அவரும் உள்ளே இருக்க முடியாது. கடை வாசலிலும் மற்றக் கணக்குகளிலும் உடனே அறிவிப்புப் போடுங்கள். யாராவது பணம் அனுப்பிவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

திருடனே இல்லாமல் கணக்கு போவதும் உண்டு: ஏஜென்சி தன் மின்னஞ்சலில் பக்கம் தொடங்கி, பிரிந்தபோது தர மறுப்பது. ஒப்பந்தம் போடும் நாளிலேயே பிசினஸ் ப்ரொஃபைல், ஃபேஸ்புக் பக்கம், விளம்பரக் கணக்கு, டொமைன் (தள முகவரி) நான்கும் உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அவர்களுக்கு நிர்வகிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே அவர்கள் பெயரில் இருந்தால், அடுத்த மாதப் பணம் கட்டும் முன் மாற்றி வாங்குங்கள்.